மதினி வைத்த முதல் வாய்

மதினி,

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வீட்டைத் திறந்து பெருக்கினோம். வாடகைக்கு ஆள் வைக்கலாம் என்று உங்கள் தம்பி சொல்லிக்கொண்டிருந்தார். பீரோவின் அடித்தட்டில் உங்கள் பழுப்புக் கைப்பை கிடந்தது. அதற்குள் ஒரு கைக்குட்டை, கைக்குட்டைக்குள் அந்தச் சின்ன எவர்சில்வர் கரண்டி. பிரித்ததுமே வாசம் வந்தது. கரிந்த காகிதமும் சந்தனமும் கலந்தது போன்ற ஊதுபத்தி வாசம். நம் ஊர்க் கடைகளில் அது கிடையாது. பினாங்கிலிருந்து வந்த மறுநாளே அந்தக் கைக்குட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப் போட்டது நான்தான். அந்த வாசம் அதில் இருக்க நியாயமே இல்லை.

“என்ன கோமதி, அப்படியே உக்காந்துட்ட?” என்று உங்கள் தம்பி கேட்டார்.

தலை சுற்றுகிறது என்றேன். அவரிடம் இதுவரை எதையும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மம்சாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் சத்துணவு அமைப்பாளராக இருந்தபோது ஒருநாள் உங்களைப் பார்க்க வந்தேன். உங்கள் தம்பியோடு எனக்குக் கல்யாணமான புதிது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். நீங்கள் இதே கரண்டியால் அண்டாவிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஊதி, வாயில் வைத்துக் கண்ணை மூடினீர்கள். அத்தனை பிள்ளைகளும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் தலையசைத்த பிறகுதான் சோறு விழுந்தது. முதல் வாய் அமைப்பாளர் வைக்க வேண்டும் என்பது விதி. பலர் நோட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. நீங்கள் ஒருநாளும் தவறியதில்லை. ஒருமுறை சாம்பாரை வாயில் வைத்த நொடியில் துப்பிவிட்டு, அண்டாவையே சாய்த்துத் தரையில் கொட்டியதாகச் சமையல்காரம்மா சொன்னாள். பருப்பு மூட்டை வந்த வண்டியில் பூச்சிமருந்து சிந்தியிருந்ததாம். வேறு யாருக்கும் அந்த வாடை தெரியவில்லை.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது ஒவ்வொருத்தனிடமும், “வயிறு நிறைஞ்சுதாலே? நாளைக்கும் வருவியா?” என்று கேட்பீர்கள். அவன் தலையாட்டினால்தான் விடுவீர்கள்.

என் மகள் வித்யா பினாங்கில் வேலைக்குப் போன இரண்டாம் வருஷம், “அம்மா, பத்து நாள் வந்து இரு” என்று கூப்பிட்டாள். உங்கள் தம்பிக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. “அப்ப அத்தையைக் கூட்டிட்டு வா” என்றாள். அவள் அப்படிச் சொன்ன வேகம் எனக்கு லேசாகச் சுருக்கென்றது. நான் பேண்டேஜ் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்தேன். திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறினோம். அந்த வயதில் முதல் விமானப் பயணம் உங்களுக்கு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கொடுத்ததையெல்லாம் பிரித்துத் தின்று, என் தட்டில் இருந்ததையும் ருசி பார்த்தீர்கள்.

வித்யா காலையில் வேலைக்குப் போய்விடுவாள். நாம் இருவரும் தெருத்தெருவாக நடப்போம். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். ஒரு தெருக்கடையில் மீன் குழம்பில் வெள்ளை வெள்ளையாகத் தடித்த சேமியா கிடந்தது. அதன் மேல் கறுப்பாக ஒரு இறால் விழுது. நான் மூக்கைப் பொத்தினேன்.

“செத்தப் பொறு. நான் ஒரு வாய் வச்சுப் பாத்துச் சொல்லுதேன். பொறவு நீ தின்னு” என்று கைப்பையிலிருந்து கரண்டியை எடுத்தீர்கள். கடைக்காரச் சீனர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். “புளி நம்ம புளிதான். மீனுதான் அவங்க மீனு. பயப்படாமத் தின்னு.”

அடுத்த நாள், தேங்காய்ப் பாலில் பச்சைப் புழு மிதப்பது போன்ற ஒரு குளிர்பானம். “ஏட்டி, இதுல ஊத்தியிருக்கது கருப்பட்டிட்டி!” என்று தெருவில் நின்று சத்தம் போட்டீர்கள். முள்ளு முள்ளாக இருந்த அந்தப் பழத்தின் நாற்றத்துக்கு நான் ஐந்து கடை தள்ளி நின்றேன். நீங்கள் மூன்று சுளை தின்றுவிட்டு, “மூக்கைக் கேக்காத, நாக்கைக் கேளு” என்றீர்கள். ராத்திரி வித்யா, “அத்தை மாதிரி இரும்மா. நீ எதைக் கண்டாலும் பயப்படுத” என்று சிரித்தாள். ஒன்பது நாளும் இதே பேச்சு. அவள் செல்போனில் எடுத்த படங்களில் எல்லாம் நீங்கள்தான் நடுவில். நான் ஓரத்தில், பையைப் பிடித்துக்கொண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்பதாம் நாள் சாயங்காலம் என் மனசில் என்ன இருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று மத்தியானம் ஒரு பிஸ்கட் கடையில் தட்டில் துண்டு துண்டாக வெட்டி வைத்து, ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். காசு கிடையாது. அங்கிருந்து கடற்கரைக்குப் போய்விட்டு, ஐந்து மணி வாக்கில் ஒரு சந்து வழியாகத் திரும்பினோம். நல்ல வெயில் இருந்தது. ஆனாலும் அந்தச் சந்தில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் பழைய வீடுகள், கதவுகள் ஒருக்களித்துக் கிடந்தன. ஒரு வீட்டு வாசலில், தரையோடு தரையாகத் தாழ்ந்த ஒரு மேசை. அதன் மேல் ஆரஞ்சுப் பழங்கள், முழுக்கோழி, சின்னச் சின்னக் கிண்ணங்களில் தேநீர், ஆமை முதுகு போல அச்சில் அழுத்திய சிவப்புப் பணியாரங்கள். பக்கத்தில் தகர டப்பாவில் காகிதம் எரிந்து சாம்பலாகிக் கிடந்தது.

“இவுகளும் ருசி பாக்க வச்சிருக்காவ போல” என்று நீங்கள் குனிந்தீர்கள்.

மேசையின் நடுவில் ஒரு கிண்ணம் சோறு இருந்தது. அந்தச் சோற்றில் மூன்று ஊதுபத்திகள் செங்குத்தாகக் குத்தி நின்று புகைந்தன. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மதினி. பாஷை தெரிய வேண்டியதில்லை. நம் வீட்டில் அமாவாசைக்கு இலை போட்டு வைத்துக் கதவைச் சாத்துகிறோமே, அதுதான் இது. இறந்தவர்களுக்கு வைத்தது.

உங்கள் கை இன்னும் பணியாரத்தைத் தொடவில்லை. “மதினி, வேண்டாம்” என்று சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. ஒரு தடவையாவது உங்கள் நாக்கு ஏமாறட்டும் என்று நினைத்தேன். ராத்திரி வித்யாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அந்த அளவுக்கு இருந்தது.

நீங்கள் ஒரு கடி கடித்தீர்கள். கண்ணை மூடினீர்கள். வெகுநேரம் திறக்கவில்லை.

“இதுல ஒரு ருசியும் இல்லையேட்டி. இனிப்பும் இல்ல, உப்பும் இல்ல. வாயில வச்ச மாதிரியே இல்ல. நீ ஒரு வாய் பாரு.”

“எனக்கு வயிறு சரியில்ல மதினி” என்றேன்.

நீங்கள் மீதியையும் தின்று, ஒரு கிண்ணத் தேநீரையும் குடித்துவிட்டீர்கள். அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சீனப் பாட்டி வந்தாள். ஒடிசலான உடம்பு, வெள்ளைச் சட்டை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. உங்களை மேலும் கீழும் பார்த்தாள். உங்கள் நரைத்த தலை, வெளுத்த சேலை, கையில் காலிக் கிண்ணம். பிறகு உள்ளே போய் இன்னொரு பணியாரம் கொண்டு வந்து காலியான இடத்தில் வைத்தாள். கிண்ணத்தை உங்கள் கையிலிருந்து வாங்கித் தேநீர் ஊற்றித் திரும்ப உங்கள் முன்னால் வைத்தாள். புதிதாக மூன்று ஊதுபத்திகளைப் பற்ற வைத்து, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, மேசையைப் பார்க்காமல் உங்களைப் பார்த்து மூன்று தடவை குனிந்தாள்.

நீங்களும் சிரித்துக்கொண்டே கும்பிட்டீர்கள். அவள் தன் பாஷையில் கணீரென்று ஏதோ கேட்டாள். நீங்கள் தலையாட்டினீர்கள்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, மதினி. நான் அங்கே நிற்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

சந்து முனையில் ஒரு பூக்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் தமிழ்ப் பெண். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போட்டாள். நீங்கள் முன்னால் நடக்க, அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, அது சாப்பிடற சாப்பாடு இல்ல லா. இது அவங்க பேய் மாசம். செத்தவங்க வந்து சாப்பிட்டுப் போவாங்கன்னு வைக்கிறது. அந்தப் பாட்டிக்குக் கண்ணு மங்கல். உங்க ஆளைப் பார்த்து என்ன நினைச்சுதோ.”

“அந்தம்மா என்ன கேட்டாங்க?”

அவள் பூவைத் தொடுப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “வயிறு நிறைஞ்சுதா, அடுத்த வருசமும் வருவீங்களான்னு கேட்டுச்சு. இவங்க சரின்னு தலையாட்டிட்டாங்க லா.”

நீங்கள் திரும்பி நின்று, “என்னட்டி சொல்லுதா அவ?” என்றீர்கள்.

“ஒண்ணுமில்ல மதினி. அவுக வீட்ல விசேஷமாம்” என்றேன்.

அன்று ராத்திரி வித்யா வாங்கி வந்த பரோட்டாவை நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள். சளி பிடித்திருக்கும் என்றாள் அவள். மறுநாள் விமானத்தில், தந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் கொட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி இருந்தீர்கள். முகம் மாறவே இல்லை.

ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆயிற்று. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பு என்றார்கள், மாத்திரை தந்தார்கள். “நாக்கு செத்துப் போச்சுட்டி” என்று நீங்கள் யாரோ வீட்டுக் கதை போலச் சொல்லிவிட்டு, மண்ணைத் தின்பதுபோல் சோற்றைத் தின்றீர்கள்.

மகாளய அமாவாசைக்கு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். மத்தியானம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தீர்கள். தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. திடீரென்று உங்கள் வாய் அசைந்தது. எதையோ மென்றீர்கள். கண்ணை மூடினீர்கள்.

“பாயசத்துல ஏலக்காய் தூக்கல்” என்றீர்கள். “வாழைக்காய் வேகல.”

எங்கள் வீட்டில் அன்று பாயசம் இல்லை, வாழைக்காயும் இல்லை. எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் மாமனாருக்குப் படையல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

“ஆமாக்கா, பாயசம்தான். ஏலக்காய்ப் பொடி கை தவறிக் கொட்டிருச்சு. ஒங்களுக்கு யாரு சொன்னா?” என்றாள். செத்த நேரம் கழித்துக் கதவைத் திறந்து எனக்கும் ஒரு கிண்ணத்தில் தந்தாள். வாழைக்காயைக் கடித்தேன். நடுவில் வேகவில்லை.

அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. சாதாரண நாளில் உங்கள் நாக்கில் ஒன்றும் தெரியாது. எங்கேயாவது யாருக்காவது இலை போட்டால் தெரியும். பதினாறாம் நாள் வீடு, வருஷத் திதி வீடு என்று எதுவும் தப்பாது. “கீழத் தெருவுல யாரோ கருவாடு வச்சிருக்காவ” என்பீர்கள். அந்தத் தெருவில் விசாரிப்பதை நான் மூன்றாம் தடவையோடு நிறுத்திவிட்டேன். மூன்று தடவையும் சரியாக இருந்தது. அமாவாசை நாட்களில் உங்கள் கன்னம் பூரித்து, பேச்சு தெளிவாக வரும். மறுநாளிலிருந்து வற்றத் தொடங்குவீர்கள். ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட வேகமாக.

தை அமாவாசைக்கு உங்கள் அம்மாவுக்கு நம் வீட்டில் படையல் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்தால், நீங்கள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தீர்கள்.

“புளிக்குழம்பு நல்லா இருக்குட்டி, கோமதி. எம்புட்டு நாளாச்சு உன் கையால தின்னு” என்றீர்கள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “எங்கம்மா பங்குலயா நான் கை வைக்கேன்?”

உங்கள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. உங்கள் தம்பி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். அல்லது அவர் வந்ததை நான் சாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஆனியில் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வீட்டில்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததால் நான் வந்து தங்கினேன். ஒரு சாயங்காலம் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்தீர்கள்.

“அந்தப் பூக்காரி என்ன சொன்னா? இப்பவாச்சும் சொல்லு.”

சொன்னேன். பேய் மாசம் என்றது, பாட்டிக்குக் கண் மங்கல் என்றது, அடுத்த வருஷமும் வருவீர்களா என்று கேட்டது எல்லாவற்றையும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

நீங்கள் சிரித்தீர்கள். “இதைத்தான் ஒளிச்சு வச்சியா? சோத்துல ஊதுபத்தி குத்தி நின்னதை நான் பாக்கலன்னா நெனச்ச? பாத்துட்டுத்தான் கை வச்சேன்.”

“பொறவு எதுக்கு மதினி?”

“முப்பது வருசமா எந்தச் சோறானாலும் மொத வாய் நான்தான். அம்புட்டுச் சோறும் கேக்க ஆளில்லாம வாசல்ல கெடந்துச்சு. கை தானாப் போயிருச்சு.” கொஞ்சம் மூச்சு வாங்கினீர்கள். “அந்தம்மா பேசுனது எனக்கும் விளங்குச்சுட்டி. சோறு வச்ச மனுசி வேற என்னத்தக் கேப்பா? பிள்ளைகள்ட்ட நானும் அதத்தான கேட்டேன். வாரேன்னு தலையாட்டிட்டேன். போணும்.”

நான் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

“நீயும் அதைப் பாத்த” என்றீர்கள். கோபமே இல்லாத குரல். “உன் மூஞ்சியை நான் பாத்தேன். வாயைத் தொறந்து மூடுன.”

“மதினி...”

“போட்டும். நீ ஒரு வாய் வாங்காம இருந்தியே, அது போதும்.”

மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டீர்கள். போன வருஷம் நாம் அந்தச் சந்தில் நின்றது ஆவணியில்; இந்த ஆவணி பிறக்க இன்னும் நாள் இருந்தது. அங்கே அந்தப் பேய் மாசம் எப்போது பிறக்கிறது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வித்யாவிடம் மட்டும் அந்தச் சந்துப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். நாய்த் தொல்லை என்றேன்.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டிலேயே சமைத்தேன். உங்களுக்குப் பிடித்த கத்திரிக்காய்ச் சாம்பார், அவியல், பாயசம். படையல் சோற்றை யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பதால் நானும் பார்க்கவில்லை. வீட்டில் வேறு யாரும் அடுப்படிக்குள் வரவில்லை. இலை போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு நானும் உங்கள் தம்பியும் வெளியே நின்றோம். தெருவில் பால்கோவாக் கடைக்குப் பால் கொண்டுபோகிற வண்டி சத்தம் போட்டுக்கொண்டே கடந்தது. எனக்குப் பயமாக இல்லை. மனசுக்குள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்திலிருந்து உங்கள் தம்பி சொன்னார்: “சாம்பார்ல உப்பு கம்மி.”

திரும்பிப் பார்த்தேன். அவர் வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு உதட்டை ஒருமுறை துழாவி உள்ளே போனது.

“என்ன சொன்னீங்க?”

“நானா? ஒண்ணும் சொல்லலையே” என்றார். பொய் சொல்லுகிற முகம் அது இல்லை.

கதவைத் திறந்ததும் முதல் வேலையாக இலையிலிருந்து சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு கம்மிதான்.

நீங்கள் உங்கள் தம்பியை எங்கும் கூப்பிட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், மதினி. உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்கா போன வீட்டில், பெண்டாட்டி அழுதுகொண்டே வைத்த சாம்பாரில் உப்பு குறைந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றலாம்; வாய்க்குள் வந்ததைச் சொல்லிவிட்டு மறந்தும் போகலாம். பகலில் கம்பெனியில் பேண்டேஜ் சுருளை எண்ணி அடுக்கும்போது இதையே எனக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நம்பவும் செய்கிறேன்.

சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது நம்பிக்கை போய்விடுகிறது. அதனால் வாரத்தில் ஒருநாள், எந்தக் கிழமை என்று எனக்கே தெரியாதபடி மாற்றி மாற்றி, குழம்பில் வேண்டுமென்றே இன்னொரு கை உப்பை அள்ளிப் போடுகிறேன். தட்டில் ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வேன். அவர் பிசைந்து முதல் வாய் வைப்பார். முகத்தைச் சுளித்து, “என்னட்டி, கடலைக் கொண்டாந்து கொட்டுனியா?” என்று அவர் தட்டைத் தள்ளுகிற வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை.